இணை ஓடுபாதைகளும் வானூர்தி இடைவெளியும்

சேலம் வானூர்தி நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் 1993-இல் திறக்கப்பட்டது. சுமார் 1,800 மீட்டர் நீளமுள்ள ஒரே ஓடுபாதை கொண்டது. பலமுறை நின்றுபோன பயணச் சேவை 2023 அக்டோபரில் உடான் திட்டத்தின்கீழ் மீண்டும் தொடங்கியபோது பெங்களூருவும் இணைக்கப்பட்டது. ஒற்றை ஓடுபாதையில் ஒரு வானூர்தி விலகிய பிறகே அடுத்தது இறங்கும் என்பதால் இடைவெளிக் கணக்கு எளிது. பெங்களூருவில் அப்படியல்ல. அங்கு 4,000 மீட்டர் நீளமுள்ள இரண்டு ஓடுபாதைகள் இணையாகக் கிடக்கின்றன. தெற்கு ஓடுபாதை 2019 டிசம்பரில் பயன்பாட்டுக்கு வந்தது.

வானம் தெளிவாக இருந்தால் பக்கத்து ஓடுபாதைக்கு வரும் வானூர்தியை விமானி கண்ணாலேயே பார்த்து விலகியிருப்பார். மார்கழி, தை மாதங்களின் அதிகாலை மூடுபனியில் அது நடவாது. அப்போது ராடாரும் விதிகளுமே கண்கள். பன்னாட்டு வான் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, இரு ஓடுபாதைகளிலும் ஒன்றையொன்று சாராமல் ஒரே நேரத்தில் இறங்க, அவற்றின் மையக்கோடுகள் குறைந்தது 1,035 மீட்டர் விலகியிருக்க வேண்டும். தரையிறங்கு கருவியின் நேர்கோட்டில் இரண்டும் நிலைபெறும் வரை 300 மீட்டர் உயர வேறுபாடோ ராடார் வழியான பக்கவாட்டு இடைவெளியோ தேவை. இரு பாதைகளுக்கும் நடுவே குறைந்தது 610 மீட்டர் அகலத்தில் 'நுழையக்கூடாத வலயம்' ஒன்று திரையில் வரையப்பட்டிருக்கும். ஒரு வானூர்தி அதற்குள் புகுந்தால், தவறு செய்யாத மற்றதைத்தான் கட்டுப்பாட்டாளர் உடனே விலக்குவார். வழிதவறியது சொன்னபடி திரும்பும் என்று நம்ப முடியாதல்லவா!

இடைவெளி குலைந்தால் என்னாகும் என்பதை இந்தியா 1996 நவம்பர் 12 அன்று கண்டது. டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி அருகே, 14,000 அடியில் ஏறிச்சென்ற சவூதி வானூர்தியும், 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் வானூர்தியும் மோதி 349 பேர் இறந்தனர். கசகஸ்தான் வானூர்தி தனக்கிட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம். வருகைக்கும் புறப்பாட்டுக்கும் அன்று ஒரே வான்வழிதான் இருந்தது. அதன் பின்னரே வழிகள் பிரிக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமாயிற்று.

பெங்களூருவில் 2022 சனவரியில் ஒரு காலை நேர்ந்தது வேறுவகை. வடக்கு ஓடுபாதையை மட்டும் பயன்படுத்துவது என்று பணிமுறைப் பொறுப்பாளர் முடிவெடுத்தார். தெற்குக் கோபுரக் கட்டுப்பாட்டாளருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. இரு ஓடுபாதைகளிலிருந்தும் கொல்கத்தாவுக்கும் புவனேசுவரத்துக்கும் செல்லும் இரண்டு இண்டிகோ வானூர்திகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே திசையில் எழும்பி ஒன்றையொன்று நெருங்கின. இணையாகப் புறப்படும் வானூர்திகள் எழும்பியவுடன் குறைந்தது 15 பாகை விலக வேண்டும் என்பது விதி. ராடார் கட்டுப்பாட்டாளர் கவனித்து இரண்டையும் வெவ்வேறு பக்கம் திருப்பியதால் நானூறுக்கும் மேற்பட்டோர் தப்பினர். இந்நிகழ்வு எந்தப் பதிவேட்டிலும் குறிக்கப்படவில்லை என்று பொது வான் போக்குவரத்து இயக்குநரக அதிகாரிகள் பின்னர் கூறினர்.