கண்டதைக் கேட்பவர் யார்?

கனவை எவரிடம் சொல்வது என்பதில் யூசுப் நபி (அலை) அவர்களைத் தந்தையார் எச்சரித்தார்கள். மருந்து வருவிக்கும் காட்சிகளுக்கும் இக்கவலை பொருந்தும் என்பதை இங்கிலாந்தின் வூஸ்டர் நகரையடுத்த போவிக் மனநோய் மருத்துவமனையின் வரலாறு காட்டுகிறது.

1952-இல் சுவிட்சர்லாந்து சென்ற டாக்டர் ரொனால்டு சாண்டிசன், அங்கு சாண்டோஸ் நிறுவனத்தார் தயாரித்த எல்.எஸ்.டி. மருந்தைக் கொணர்ந்தார். 1955-இல் அதற்கெனவே தனிப்பிரிவு எழுந்தது. நோயாளிகள் தனித்தனி அறைகளில் படுத்திருப்பர். புதைந்து கிடந்த இளமை நினைவுகள் உருவெடுத்து வரும். பின்னர் ஒன்றாய் அமர்ந்து, கண்டதைப் பேசுவர். சிகிச்சையின் உயிர் அந்தப் பேச்சிலேதான் இருந்தது என்பேன். ஆனால், வீடு திரும்பியபின் கேட்பதற்கு எவர் இருந்தார்?

பல்லாண்டு கழித்து, தமக்குத் தீங்கே நேர்ந்ததென முன்னாள் நோயாளிகள் வழக்குத் தொடுத்தனர். 2002-இல் 43 பேருக்கு மொத்தம் 1,95,000 பவுண்டு வழங்க அரசு மருத்துவத்துறை இசைந்தது.