பள்ளியிலிருந்து பட்டம் வரை



செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே மேல்சித்தாமூர் என்றோர் ஊர் உண்டு. செஞ்சிக் கோட்டையைக் காண வருவோரில் பலர் இவ்வூர்ப் பக்கம் திரும்புவதில்லை. ஆனால் தமிழகத்துச் சமணப் பெருமக்களுக்கு இதுவே தலைமை இடம். அவர்களுடைய மடம் இங்கேதான் இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலும், பாறையில் செதுக்கிய பழைய திருவுருவங்களைக் கொண்ட மல்லிநாதர் கோயிலும் இங்கே உள்ளன. மடத்தில் ஏட்டுச் சுவடிகளும் உண்டு.

நான் இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். ஒவ்வோராண்டும் தேர்வு முடிவு வெளிவந்த மறுநாள் மாணவர்கள் என்னைத் தேடி வருவார்கள். "ஐயா, மேலே என்ன படிக்கலாம்?" என்பதே அவர்கள் கேள்வி. சிறிய கேள்விதான், ஆயினும் ஒருவன் வாழ்நாள் முழுவதும் அதன் விடையைச் சுமக்க வேண்டியிருக்கிறது. பட்டப்படிப்பு நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்தது, அதன் விதிகள் யாருக்கு வழிவிட்டன, யாரை மறித்தன என்பவற்றை இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

'பள்ளி' என்ற சொல் முதலில் சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்தைக் குறித்தது. அவர்கள் அங்கே பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தமையால், கல்வி கற்கும் இடமே பள்ளிக்கூடம் ஆயிற்று என்பர் அறிஞர். பழைய திண்ணைப் பள்ளிகளின் பாடத்திட்டத்தைப் பாருங்கள். நிகண்டு, நன்னூல், காரிகை என்று அது படிப்படியாக ஏறும். நன்னூல் செய்த பவணந்தியார் சமணர். யாப்பருங்கலக்காரிகை செய்த அமிதசாகரர் சமணர். சூடாமணி நிகண்டு செய்த மண்டல புருடரும் சமணரே. மண்டல புருடர் நம் பக்கத்துப் பெருமண்டூரைச் சார்ந்தவர் என்றும் சொல்வார்கள். அக்காலத்தில் பட்டமும் இல்லை, தேர்வு எண்ணும் இல்லை. ஒரு நூலை முடித்தவனுக்கே அடுத்த நூல், அதுவே விதி. மாணவனுக்கு எது தகும் என்று ஆசிரியரே கண்டு சொன்னார்.

1857ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே அது தொடங்கியது. அங்கே முதன்முதலாகப் பி.ஏ. பட்டம் பெற்றவர்கள் சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் ஆவர். இருவரும் யாழ்ப்பாணத்தார். தாமோதரம் பிள்ளை ஆங்கிலப் பட்டம் பெற்றதோடு நின்றுவிடவில்லை. ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தார். சமணக் காப்பியமாகிய சூளாமணி 1889இல் அவர் முயற்சியால் அச்சேறியது.

பட்டம் பெறாத ஒருவரின் வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1880இல் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவர் எந்தப் பல்கலைக்கழகத் தேர்வையும் எழுதியவர் அல்லர்; மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். முதலியார் அவரிடம் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று வினவினார். ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் நீளமாக அடுக்கினார். முதலியாருக்கு அது நிறைவளிக்கவில்லை. சிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியே ஐயரின் வாழ்க்கையைத் திருப்பியது. சீவக சிந்தாமணி சமண நூல் ஆகையால், அதன் நுட்பங்களை அறிய அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று பாடம் கேட்டார். 1887இல் அந்நூல் பதிப்பாகி வெளிவந்தது. பட்டதாரிகளை உருவாக்கிய ஆசிரியர் தாமே மாணவராக அமர்ந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. 1932இல் அதே சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது.

ஐயர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். மறு ஆண்டு அதே கும்பகோணம் கல்லூரியில் ஓர் இளைஞர் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். அவரே சீனிவாச இராமானுசன். அவர் கணக்கு ஒன்றிலேயே மூழ்கினார், ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. எல்லாப் பாடங்களிலும் தேறினால்தான் மேலே செல்லலாம் என்பது விதி. அவ்விதி அந்த மேதைக்காகத் தளரவில்லை. ஆயினும் 1913இல் அதே பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காக அவருக்குப் பி.ஏ. பட்டம் அளித்தது.

இதைக் கேட்டு, "விதிகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை" என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. இராமானுசன் போன்றவர் நூற்றாண்டுக்கு ஒருவர். நம் போன்றோர் வாயிலின் அளவை முன்னரே அறிந்துகொண்டுதான் நுழைய வேண்டும்.

அவ்வாயிலும் காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. 1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்திற்குப் பின் எஃப்.ஏ. மறைந்து, ஈராண்டு இன்டர்மீடியட் வகுப்பு வந்தது. 1950களில் அதுவும் மறைந்து, ஓராண்டுப் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் வந்தன. நான் புகுமுக வகுப்பில் பயின்ற கடைசித் தலைமுறையினருள் ஒருவன். 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியதும் பத்து, இரண்டு, மூன்று என்னும் அமைப்பு நிலைபெற்றது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் நாட்டில் சில பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டத்தையும் வழங்குகின்றன.

இன்று நம் கலை அறிவியல் கல்லூரிகளில் முதற் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதி முதன்மைப் பாடமும் அதைச் சார்ந்த துணைப் பாடங்களும். இவற்றிற்கு மேல் சுற்றுச்சூழல் கல்வி, நாட்டுநலப்பணி முதலியனவும் உண்டு. ஒரு பகுதியில் தவறினாலும் பட்டம் கைக்கு வாராது. அரசு கலைக் கல்லூரிகளில் இளங்கலைத் தமிழில் சேரத் தமிழ் மதிப்பெண்ணையும், ஆங்கில இலக்கியத்தில் சேர ஆங்கில மதிப்பெண்ணையும் தரவரிசைக்குக் கொள்வார்கள். பிற பாடங்களுக்கு மேல்நிலையின் நான்கு சிறப்புப் பாடங்களின் மதிப்பெண்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு படியாதவனுக்கு இயற்பியல் பட்டத்தின் கதவு திறப்பது அரிது. அந்தக் கதவு அவன் பதினோராம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்த அன்றே மூடிவிட்டது. அவன் அதை ஈராண்டு கழித்துத்தான் அறிகிறான்.

என் குற்றம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் ஆசிரியனாக வேண்டும் என்ற ஆசையோடு இருந்தான். புதிய பெயரொன்றைத் தாங்கிய ஒரு பட்டப்படிப்பின் விண்ணப்பத்தை என்னிடம் கொணர்ந்தான். பெயர் கவர்ச்சியாக இருந்தது. நானும் வாழ்த்திக் கையொப்பமிட்டேன். அவன் நன்கு படித்தான். கல்வியியல் பட்டமும் பெற்றான். ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தபோது, அவன் பட்டம் வேண்டப்பட்ட பட்டத்திற்கு இணையானது என்று அரசாணை இல்லை என்றார்கள். ஐந்து ஆண்டுகளின் உழைப்பு ஒரு சொல்லில் தடைப்பட்டது. அவன் என்னைக் குறை கூறவில்லை. அதுவே எனக்கு இன்றும் வலிக்கிறது. கையொப்பமிடுமுன் நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

படிகளைத் தாண்டிப் பெறும் பட்டமும் அத்தகையதே. இளங்கலைப் பட்டம் இன்றித் திறந்தநிலை வழியில் நேரே பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நூல்களைப் படிப்படியாகக் கற்பித்த பழைய பள்ளியின் விதி, வேறு உருவில் இன்றும் இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

ஆகவே, மாணவர்களே, விண்ணப்பத்தை நிரப்புமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்பட்டத்தில் சேர நான் எந்தப் பாடங்களைப் படித்திருக்க வேண்டும்? பட்டம் பெற எவ்வெவற்றில் தேற வேண்டும்? இப்பட்டம் அடுத்த படிப்புக்கும் நான் விரும்பும் பணிக்கும் ஏற்கப்படுமா? கல்லூரி அலுவலகத்திலும், துறைப் பேராசிரியரிடமும், முன்னரே அவ்வழி சென்றவரிடமும் கேளுங்கள். வாய்மொழியை மட்டும் நம்பாமல் எழுத்தில் உள்ள விதியைப் படித்துப் பாருங்கள். கேட்பதில் நாணம் வேண்டா. சாமிநாதையரே கேட்டுத்தான் கற்றார்.

இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் நான்காவதாக ஒன்றை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வு இல்லாவிட்டாலும் இந்த நூல்களை நான் விரும்பிப் படிப்பேனா? மேல்சித்தாமூர்ச் சுவடிகளை எழுதியவர்கள் எந்தத் தேர்வுக்காகவும் எழுதவில்லை. அவர்களைப் போன்றோர் காத்துத் தந்த நூல்களே பிற்காலத்தில் பல்கலைக்கழகங்களின் பாடநூல்களாயின. "ஆம்" என்ற விடை உங்கள் உள்ளத்தில் எழுமானால், அந்தப் பாடமே உங்களுக்கு உரியது.