வான்கோழியில் ஆரம்பிச்ச கண் சிகிச்சை

கண்ணாடி தொல்லை போதும், லேசர் பண்ணிக்கறேன்னு தங்கச்சி சொன்னதும் அம்மா கேட்டாங்க: "இரும்பையே அறுக்கற சமாச்சாரமாச்சே, கண்ணு பொசுங்கிடாதாடி?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியலை. தேடிப் படிச்சதில் கிடைச்ச கதை இது.

லேசர்னா ஒரே ஒரு சாமான் இல்லை மக்களே. 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மைமான் ரூபி கல்லை வச்சு முதல் லேசரைச் செய்தார். அதே வருஷக் கடைசியில் ஹீலியம்-நியான் வாயு லேசர் வந்தது. 1974-ல் ஒஹையோவில் ஒரு கடையில் சூயிங்கம் பாக்கெட்டின் பார்கோடை முதன்முதலாகப் படித்தது இதோட சிவப்பு வெளிச்சம்தான். 1964-ல் நம்ம பாராமதியில் பிறந்த குமார் படேல், பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கொண்டுவந்தார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். பட்ட இடத்தைச் சூடேற்றி உருக்கும், ஆவியாக்கும். தொழிற்சாலையில் அறுக்க, வெட்டத் தோதானது. அம்மா பயந்தது இந்த ஜாதியைப் பார்த்துத்தான்.

கண்ணுக்கு வர்றது வேற ஜாதி. எக்ஸைமர்னு பேரு. ஆர்கான், ஃப்ளோரின் வாயுக்களில் பிறக்கிற 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர்.

இங்கேதான் நம்மூர்க்காரர் வர்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்தார். 1981 நவம்பர் 27, தாங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மறுநாள். வீட்டில் மிஞ்சின வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் அதன்மேல் இந்தக் கதிரைப் பாய்ச்சினார். சுத்தமா ஒரு வெட்டு, சுற்றிலும் கருகலே இல்லை! ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் ரெண்டு பேரும் கூட்டாளிகள். ஒப்பிட்டுப் பார்க்க 532 நானோமீட்டர் பச்சை லேசரையும் அடிச்சாங்க. அது ஓரமெல்லாம் பொசுக்கி வச்சது.

காரணம் எளிசு. புற ஊதா ஒளித்துகளுக்கு மூலக்கூறுப் பிணைப்பையே உடைக்கிற தெம்பு உண்டு. உடைஞ்ச துணுக்குகள் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் பறந்துடும். ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் அளவுதான் சீவும். 1995-ல் அமெரிக்க அரசு கண் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. 2013-ல் அந்த மூவரோட பணிக்கு அதிபர் ஒபாமா பதக்கம் வழங்கினார். கணினிச் சில்லு தயாரிக்கவும் இதே கதிர்தான்.

ஆனா பொசுங்காதுங்கறதுக்காக விளையாட்டில்லை. சீவின கருவிழி திரும்ப வளராது. அதான் டாக்டர் முதலில் அதோட தடிமனை அளந்து பார்க்கறார். தங்கச்சிக்கு அளந்தாச்சு, போதும்னுட்டார்.

முழுக்கதையும் சொல்லி முடிச்சேன். அம்மா யோசிச்சிட்டுக் கேட்டாங்க: "அந்த வான்கோழிக்குக் கண்ணு தெரிஞ்சுதா?" :-)

வெள்ளிக்கிழமை தேதி குடுத்திருக்காங்க. துணைக்கு அம்மாதான் போறாங்களாம்.