கொடியும் பந்தியும்

பெங்களூர் விவேக் நகரில் குழந்தை இயேசு திருத்தலத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் திராட்சைக் காலத்தில் நடந்து செல்வோமாயின், கருநீல நிறமுள்ள ஒரு பழம் வண்டிகளில் குவிந்திருக்கக் காண்போம். தோல் தடித்தது, விதையுள்ளது, புளிப்பும் இனிப்பும் கலந்தது. வண்டிக்குப் பத்தடி முன்னரே அதன் மணம் நம்மை எதிர்கொள்ளும். இதுவே ‘பெங்களூர் நீலம்’ எனப் பெயர் பெற்ற திராட்சை. இப்பகுதியின் கிறிஸ்துவ இல்லங்கள் பலவற்றில் கிறிஸ்துமசுக்குச் சில வாரங்கள் முன்பே இப்பழத்தை நசுக்கி, சர்க்கரையும் கோதுமையும் கிராம்பும் பட்டையும் சேர்த்து, பீங்கான் சாடியில் ஊறவைப்பர். வீட்டு மூதாட்டி நாள்தோறும் மரக்கரண்டியால் அதனைக் கிளறிவிடுவார். பண்டிகையன்று கேக்குடன் அது விருந்தினர்க்கு வழங்கப்பெறும்.

நகரின் பெயரையே தாங்கிய இப்பழம் வீட்டில் சாடிக்குள் புகுந்தது. சந்தையில் கூடைக்குள் புகுந்தது. ஆயினும் ஊரார் கூடி உண்ணும் உணவுச்சாலையில் அதற்கென ஓர் இடம் அமையவில்லை. பிரான்ஸ் தேசத்திலோ, திராட்சை விளையும் சிற்றூர்களின் உணவு விடுதிகளே அந்நாட்டின் புகழுக்கு ஒரு தூணாக நிற்கின்றன. அங்கே கொடியும் பந்தியும் இணைந்தது எவ்வாறு? இங்கே இணையாதது ஏன்? இவ்விரு வினாக்களையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

பழைய பிரான்சில் வழிப்போக்கன் உண்ணுமிடம் சத்திரமே. குறித்த வேளையில், நீண்ட ஒரே மேசையில், சத்திரக்காரர் சமைத்ததை எல்லாரும் உண்ண வேண்டும். ‘ரெஸ்டாரண்ட்’ என்னும் சொல் அக்காலத்தில் ஓர் இடத்தைக் குறிக்கவில்லை; உடலுக்கு வலுவூட்டும் சாற்றைக் குறித்தது. 1760-களில் பாரிஸ் நகரில் அச்சாற்றை விற்ற கடைகள் தோன்றின. சாற்றின் பெயர் கடைக்கு ஆகி வந்தது. தனி மேசை, விரும்பிய வேளை, விலை எழுதிய உணவுப் பட்டியல் என்னும் மூன்றும் இப்புதுக் கடைகளின் சிறப்பு. 1789-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர், பிரபுக்களின் மாளிகைகளில் பணிபுரிந்த சமையற்காரர் சிலரும் இத்தொழிலில் இறங்கினர்.

இது தலைநகரின் கதை. சிற்றூரின் கதை வேறு. அங்கே சத்திரம் சத்திரமாகவே நின்று, தன் மண்ணில் விளைந்ததைச் சமைத்தது. பர்கண்டி நாட்டில் மாட்டிறைச்சியும் முதிர்ந்த சேவலும் உள்ளூர்ச் செந்நிற மதுவில் நெடுநேரம் வேகும்; முட்டையும் அதே மதுவில் வேகும். கடினமான இறைச்சியை மென்மையாக்க ஏழைக் குடியானவர் கண்ட வழியே பின்னர் உலகம் வியக்கும் பண்டமாயிற்று. அல்சாஸ் நாட்டிலோ, வெண்ணிற மதுவில் ஊறிய இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் மண்சட்டியில் அடுக்கி, மூடியை மாவால் ஒட்டி, ரொட்டிக்காரரின் அடுப்பில் விட்டுவருவர். சலவை நாளில் பெண்டிர்க்கு அடுப்படியில் நிற்க நேரமில்லாமையால் பிறந்த வழக்கம் இது என்பர். பந்தியில் வைக்கும் குவளையும் சட்டியும் ஒரே மண்ணின் மக்கள் என்பதே இவ்வுணவுகளின் இலக்கணம்.

ஆயினும் இவ்விணைப்பு இடையூறின்றி நிலைத்தது என எண்ணிவிடலாகாது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி கொடிகளின் வேரை உறிஞ்சத் தொடங்கியது. சில பத்தாண்டுகளில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களிற் பெரும்பகுதி பட்டுப்போயிற்று. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின்மீது பிரெஞ்சுக் கொடியை ஒட்டவைத்தே தோட்டங்கள் மீண்டன. இதற்கிடையே போலிகள் பெருகின. உலர்ந்த திராட்சையையும் சர்க்கரை நீரையும் கொண்டு செய்த மது சந்தையை நிறைத்தது. 1907-இல் தென்பிரான்சின் குடியானவர்கள் இலட்சக்கணக்கில் வீதிக்கு வந்தனர். நார்போன் நகரில் படைகள் சுட்டதில் உயிர்கள் மாண்டன. நெடிய போராட்டத்தின் முடிவாக 1935-இல், ஊர்ப்பெயரை எந்த நிலத்தின் மது தாங்கலாம் என்பதை வரையறுக்கும் சட்டம் பிறந்தது. பெயர் நிலத்தோடு கட்டப்பட்டது.

சட்டம் மட்டும் இதனைச் செய்யவில்லை. முதல் உலகப்போருக்குப் பின்னர், 1921-இல், திஜோன் நகர மேயர் காஸ்தோன் ஜெரார் வட்டார உணவுக்கென ஒரு பெருஞ்சந்தையை நிறுவினார். அதே ஆண்டில் கூர்னான்ஸ்கி என்னும் எழுத்தாளர் தம் நண்பர் ரூஃபுடன் சேர்ந்து, நாடெங்குமுள்ள ஊர்ச்சமையலைப் பற்றி நூல்வரிசை ஒன்றை வெளியிடத் தொடங்கினார். மோட்டார் வண்டியில் வந்த நகரத்தார் சிற்றூர் விடுதிகளின் கதவைத் தட்டினர். மெர்சோ என்னும் ஊரில், அறுவடை முடிவில் கூடி உண்ணும் பழைய வழக்கத்தை 1923-இல் ழூல் லாஃபோன் புதுப்பித்தார். விருந்துக்கு வருவோர் தத்தம் புட்டியைக் கொணர்ந்து அண்டை அயலாரோடு பகிர்ந்துகொள்வது இன்றும் அங்கு மரபு. ஆக, நாம் ‘தொன்மை’ என வியக்கும் பிரெஞ்சுக் கிராமப் பந்தி, அழிவின் விளிம்பிலிருந்து மக்கள் முயன்று மீட்டெடுத்த ஒன்றே.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். பெங்களூர் நீலம் இப்பகுதிக்கு வந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது என்பர். இது அமெரிக்கக் கொடியின் இரத்தம் கலந்த இனம். ‘இசபெல்லா’ என்னும் வகைக்கு மிக நெருங்கிய உறவு. இங்கே ஒரு வேடிக்கையைக் காண்க. அந்த இசபெல்லாவையும் வேறு ஐந்து கலப்பினங்களையும் மது விற்பனைக்கு ஆகாதவை என 1934-இல் பிரான்ஸ் விலக்கிவைத்தது. அங்கே சாதி விலக்குப் பெற்ற குடும்பம் இங்கே பெங்களூர், சிக்கபள்ளாப்பூர், கோலார் வட்டாரங்களில் ஆண்டுக்கு இருமுறை காய்த்துக் குடியானவர்க்குச் சோறிட்டது. 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

பிரெஞ்சுக் கொடியும் நம்மிடம் வராமலில்லை. கன்வல் குரோவர் என்பார், ஷாம்பெய்ன் நாட்டு நிபுணர் ஜார்ஜ் வெசெல் துணையுடன், 1988-இல் நந்தி மலையடிவாரத்தில் தோட்டம் அமைத்தார். 1992-இல் முதல் மது வெளிவந்தது. கருநாடக அரசு 2007-இல் திராட்சை மதுவுக்கெனத் தனிக் கொள்கையும் வகுத்தது. இவையெல்லாம் பாராட்டுக்குரியனவே. எனினும், பிரெஞ்சுக் கொடிக்குப் பிரெஞ்சுப் பண்டத்தையே துணைவைத்துப் பரிமாறுவதால் மட்டும் இம்மண்ணுக்கு ஒரு பந்தி வாய்த்துவிடாது.

அப்படியாயின் பிரெஞ்சுச் சிற்றூர் விடுதிக்கு நிகரானது நம்மிடம் யாது? வெள்ளை விரிப்பிட்ட மண்டபம் அன்று. வாழையிலையில் ராகிக் களியும் ஆட்டுக்கறிக் குழம்பும் பரிமாறும் ‘மிலிட்டரி ஓட்டல்’ என்றே நாம் துணிந்து கூறுவோம். கேழ்வரகு இவ்வட்டாரத்து மானாவாரி நிலம் தந்தது. மார்கழிப் பனியில் மணக்கும் அவரைக்கொட்டையும் இம்மண்ணின் விளைவே. 1924-இல் தோன்றிய மாவள்ளி உணவகத்தார், இரண்டாம் உலகப்போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டின்போது ரவையைக் கொண்டு இட்டலி செய்தனர். இல்லாமையைப் பண்டமாக மாற்றிய அச்செயலும், மதுவில் சேவலை வேகவைத்த பர்கண்டிக் குடியானவரின் செயலும் ஒரே அறிவின் இரு வெளிப்பாடுகள் அல்லவா? களியும் அவரையும் பந்திக்கு வந்தன. நீலத் திராட்சை மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. அதன் சாற்றிலோ ஊறுகாயிலோ இனிப்பிலோ இவ்வூரின் முத்திரையைப் பதிக்க வேண்டுமென்று நம் உணவுச்சாலைகள் பரவலாக முயலவில்லை.

முயல்வதற்குரிய காலமும் சுருங்கி வருகிறது. 2008-இல் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறக்கப்பட்டபின் அப்பக்கத்து நிலத்தின் விலை விண்ணுக்கு ஏறியது. பந்தல்கள் நின்ற இடங்களில் மனைக்கற்கள் முளைத்தன. வற்றாத ஆறில்லாத கோலாரிலும் சிக்கபள்ளாப்பூரிலும் ஆழ்துளைக் கிணறுகள் மேலும் மேலும் ஆழம் தேடுகின்றன. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், நிலத்தைக் காக்காது. கொடி அழிந்தபின் பெயரை வைத்துக்கொண்டு நாம் என் செய்வோம்?

இவ்விடத்தில் விவேக் நகர்வாசிகள் அறிந்துகொள்ளத்தக்க ஒரு செய்தி உண்டு. அவர்கள் வாழும் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புகின்றனர். நாள்தோறும் 44 கோடி லிட்டர் என்னும் இலக்குடன் தொடங்கிய திட்டம் அது. அந்நீர் ஏரியில் தேங்கி, நிலத்தில் இறங்கி, சுற்றிலுமுள்ள கிணறுகளை நிரப்ப வேண்டுமென்பது நோக்கம். இன்னும் ஒரு படி மேலான சுத்திகரிப்பு வேண்டுமென அங்குள்ள உழவர்கள் கோருகின்றனர், அக்கோரிக்கை நியாயமானதே.

எண்ணிப் பார்ப்போம். விவேக் நகர் அடுக்களையில் சாடி கழுவிய நீர் கோலாரின் கொடிக்குச் செல்கிறது; கொடியின் கனி மீண்டும் விவேக் நகர் வண்டிக்கு வருகிறது. நாம் அறிந்தோ அறியாமலோ கொடியும் பந்தியும் இங்கும் ஒரே வட்டத்திற் சுழல்கின்றன. பிரான்சின் சிற்றூரார் தம் வட்டம் அறுந்தபோது அதனைக் கண்டுகொண்டு, போராடிக் கட்டினர். நம் வட்டம் இன்னும் முற்றும் அறுந்துவிடவில்லை. அந்நீரைத் தூய்மையாக அனுப்புவதும், அந்நிலத்தைத் தோட்டமாக விட்டுவைப்பதும், அக்கனிக்கு நம் இலையில் ஓரிடம் தருவதும் நம் கையில் உள்ளன.