பேசும் பொம்மையும் நிரோட்டகமும்

மடியில் ஒரு பொம்மை. அதன் வாய் அசையணும், நம் உதடு அசையக் கூடாது. வென்ட்ரிலோக்விசம் என்கிற இந்த வித்தையைக் கல்லூரி நாட்களில் மேடையில் செய்துகொண்டிருந்தேன். வேலை, குடும்பம் என்று இருபது வருடம் பெட்டிக்குள் கிடந்த பொம்மையை இந்த வருடம் மறுபடி வெளியே எடுத்தாச்சு. செல்போனில் என்னை நானே வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்க்கிறேன். 'ப' வரும் இடத்திலெல்லாம் உதடு மூடுகிறது, 'ம' வந்தாலும் அப்படியே. இதற்கு என்ன வழி என்று தேடப் போனதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

முதலில் அந்தப் பெயர். லத்தீனில் 'வயிற்றால் பேசுவது' என்று அர்த்தம். வயிற்றுக்குள்ளிருந்து ஆவி பேசுகிறது என்று நம்பிய காலத்துப் பெயர் அது. வயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உட்கார்ந்து ஆராய்ந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். கணித நூல்கள் எழுதிய அபே த லா ஷாப்பெல். பாரிசுக்குப் பக்கத்தில் சேன்-ஜெர்மேன்-ஆன்-லேயில் சேன்-ழில் என்றொரு மளிகைக்கடைக்காரர் இருந்தார். எதிரில் உட்கார்ந்துகொண்டே, குரல் கூரையிலிருந்து வருவது போலப் பேசுவாராம். அவரை வைத்து லா ஷாப்பெல் 1772ல் ஒரு புத்தகமே போட்டார். தொண்டையும் நாக்கும் பாதி வேலை செய்கின்றன, மீதியைக் கேட்பவரின் மனசே செய்துகொள்கிறது என்பதுதான் சாரம். 1761ல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய நம்ம புதுச்சேரி, பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி மெல்ல எழுந்துகொண்டிருந்த காலம் அது.

இந்தியாவில் இதை மேடைக்கலையாக நிறுத்தியவர்களில் முக்கியமானவர் மராத்தியரான ஒய்.கே. பாத்யே. அவருடைய பொம்மை 'அர்தவட்ராவ்' மகாராஷ்டிராவில் ரொம்பப் பிரபலம். மகன் ராம்தாஸ் பாத்யே மெக்கானிக்கல் எஞ்ஜினியர் (பொறியியல்காரன் என்பதால் எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்). 1993ல் வந்த 'ஜபாட்லேலா' படத்தின் தாத்யா விஞ்சு பொம்மை அவர் கைவேலைதான். தமிழில் நம் எல்லோருக்கும் நினைவிருப்பது பாலசந்தரின் 'அவர்கள்' (1977). கமல் கையில் 'ஜூனியர்'. அவர் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதை ஜூனியர் போட்டு உடைக்கும். பாட்டில் ஜூனியருக்குக் குரல் கொடுத்தவர் மிமிக்ரி கலைஞர் சதன். சினிமாவில் குரலைத் தனியாகப் பதிவுசெய்து சேர்த்துக்கொள்ளலாம். மேடையில் அந்த வசதி கிடையாது.

மேடைக்காரர்கள் சொல்லித்தரும் வழி, எழுத்தை மாற்றுவது. 'ப'வுக்குப் பதில் 'த', 'ம'வுக்குப் பதில் 'ந', நாக்கைப் பல்லுக்குப் பின்னால் அழுத்தி வேகமாகச் சொல்லிவிடணும். ஆங்கிலத்தில் இது ஓரளவு தப்பிக்கும். அங்கேயும் 'பாட்டில் ஆஃப் பியர்' என்பது 'காட்டில் ஓ கியர்' ஆகிவிடும் என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. தமிழில் சிக்கல் இன்னும் பெரிசு. மாற்றிப் போட்ட சொல்லுக்கும் நம்மிடம் ஒரு அர்த்தம் தயாராக இருக்கும். பாய் தாய் ஆகிறது, மான் நான் ஆகிறது. 'மாடு ஓடுது' என்று சொன்னால் சபைக்கு 'நாடு ஓடுது' என்று கேட்கும்.

உதட்டெழுத்துகள் எவை என்று தொல்காப்பியம் பிறப்பியல் அன்றைக்கே பட்டியல் போட்டுவிட்டது. உதடு குவிந்து பிறப்பவை உ, ஊ, ஒ, ஓ, ஔ. இரண்டு உதடும் சேர்ந்தால் ப, ம. மேற்பல்லும் கீழுதடும் சேர்ந்தால் வ. ஆக எட்டு. இந்த எட்டையும் அறவே விலக்கிப் பாடுவது நிரோட்டகம், தமிழில் இதழகல் என்றும் சொல்வார்கள். மாற்றிச் சொல்வதை விட்டு, விலக்கிச் சொல்வது!

17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் பாடியது திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி. முப்பது பாட்டு. யமகம் வேறு, அதாவது நான்கு அடியும் ஒரே மாதிரி தொடங்கி வேறு வேறு பொருள் தரணும். தன் ஆசிரியரோடு பகை கொண்ட புலவரைப் போட்டியில் வெல்ல இதைப் பாடினார் என்பது வழிவழியாக வரும் கதை. முப்பதையும் இவர் முடித்தபோது எதிராளி ஒரு பாட்டுக்கே திணறிக்கொண்டிருந்தாராம். சிவப்பிரகாசர் கடைசியாக வாழ்ந்து மறைந்த இடமாகச் சொல்லப்படும் நல்லாத்தூர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இன்னும் முன்னால் போனால், காஞ்சியில் பல்லவர் காலத்தில் வாழ்ந்த தண்டி. அவருடைய 'தசகுமார சரித'த்தில் மந்திரகுப்தன் தன் கதை முழுவதையும் உதட்டெழுத்தே இல்லாத சமஸ்கிருதத்தில் சொல்கிறான். காரணம், காதலி கடித்ததில் உதடு புண்ணாம்.

நமக்கு அந்த அளவு கஷ்டம் வேண்டாம். பேச்சுத்தமிழ் பாதி வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. 'எனக்கு', 'காசு' என்பதில் கடைசி உகரத்துக்குப் பேச்சில் உதடு குவிவதே இல்லை, அது குற்றியலுகரம். 'பணம்', 'மரம்' என்பதில் கடைசி 'ம்' மூக்கோடு கரைந்துபோகிறது, உதடு ஒட்டுவதில்லை. அதனால் பொம்மை கொச்சையாகப் பேசட்டும், செந்தமிழை நான் பேசிக்கொள்கிறேன்.

எட்டு எழுத்தையும் சிவப்பாகக் காட்ட நாலு வரி பைத்தான் எழுதி என் பழைய வசனங்களை ஓட்டினேன். பாதிக்கு மேல் சிவப்பு. இப்போது ஒவ்வொன்றாக மாற்றுகிறேன். அப்பா போய் நைனா, அம்மா போய் ஆத்தா. பொம்மைக்குப் பெயர் சின்னா. புதுச்சேரி, பாண்டி, புதுவை என்று எப்படிச் சொன்னாலும் உதடு ஒட்டும். பாவம், சின்னாவால் சொந்த ஊர்ப் பெயரையே சொல்ல முடியாது. ஆனால் கடற்கரையும் காந்தி சிலையும் தாராளமாகச் சொல்லலாம்: "நைனா, காந்தி சிலைகிட்ட நிக்கறையே, எதை தேடற?"

யார், என்ன, ஏன், எங்கே, எத்தனை: இதில் ஒன்றுக்கும் உதடு தேவையில்லை. எனவே கேள்வி கேட்பது சின்னா, மாட்டிக்கொண்டு பதில் சொல்வது நான் என்று முழு நிகழ்ச்சியையும் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். 'வணக்கம்' மட்டும் இன்னும் இடிக்கிறது, முதல் எழுத்தே 'வ'. இப்போதைக்கு நான் சபையைப் பார்த்து வணக்கம் சொல்கிறேன், சின்னா தலையைத் திருப்பி "யாருக்கு?" என்று கேட்கிறான்.