தப்பும் சப்வூபரும்

முரசுக்கு வரலாறு உண்டு. அதை அறைந்த கைகளுக்கு நாம் வரலாறு எழுதவில்லை. அரசனின் ஆணையை ஊருக்கு அறிவித்தவனும், தெய்வத்தின் வீதியுலாவுக்கு முன்னே முழங்கிச் சென்றவனும், விடியுமுன் உழைப்பாளரைத் துயிலெழுப்பியவனும் சமூகத்தின் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டவர்களே. ஓங்கி ஒலித்த முழக்கம் ஆள்வோருக்குச் சொந்தமாயிற்று. அதை எழுப்பிய உழைப்பு ஆளப்பட்டோரின் கடமையாயிற்று. கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இந்த முரண்பாட்டைத் தெளிவாகக் காணலாம். இன்று ஓர் இசைக்குழு தன் மேடைக்குச் சப்வூபர் பெட்டிகளைத் தெரிவு செய்யும்போதும் அதே கேள்விதான் எழுகிறது: இந்த அடித்தொனி யாருக்காக?

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அதற்கு முன்னரும் பின்னரும் தலதா மாளிகையின் எசல பெரஹராவில் முழங்கிய மேளங்களைப் பெரவா சாதியினரே அடித்தனர். கூலிக்குப் பதில் கோயில் நிலம். நிலத்துக்குப் பதில் பரம்பரைச் சேவை. இதுவே அன்றைய ஏற்பாடு. இராசகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டபோதும் கோயில் நிலங்களின் சேவை ஒழியவில்லை. சேவைக்குப் பதிலாகப் பணம் செலுத்தலாம் என்ற வழியைச் சட்டம் 1870இல்தான் திறந்தது. அவர்களின் கெட பெரவுக்கு இரண்டு முகங்கள். மெல்லிய தோல் போர்த்த வலமுகம் கூரிய ஒலியைத் தரும்; தடித்த மாட்டுத்தோல் போர்த்த இடமுகம் ஆழ்ந்த ஒலியைத் தரும். மேல்தொனிக்கும் அடித்தொனிக்கும் தனித்தனிப் பரப்பு வேண்டும் என்பதை அந்தக் கலைஞர்கள் எந்தப் பொறியியல் நூலையும் படிக்காமலே அறிந்திருந்தனர்.

மலைகளில் காடு அழிந்து கோப்பி வந்தது. கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளர் தங்களோடு தப்பையும் கொண்டுவந்தனர். மரவளையத்தில் தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றி அடிக்கும் கருவி அது. காமன் கூத்திலும் மாரியம்மன் திருவிழாவிலும் அது மக்களின் மகிழ்ச்சி. சாவு வீட்டில் அது மக்களின் துயரம். ஆனால் தோட்ட நிருவாகத்துக்கு அது வேறொன்றாயிற்று. இருள் பிரியுமுன் தப்பு முழங்கும். லயத்து அறைகள் விழிக்கும். பிரட்டுக்களத்தில் பேர் விழும். மக்களின் வாத்தியமே மக்களை வேலைக்கு விரட்டும் சவுக்காயிற்று. சி. வி. வேலுப்பிள்ளையின் தேயிலைத் தோட்டக் கவிதையில் அந்த வைகறைப் பறையின் அதிர்வு பதிந்திருப்பது தற்செயலன்று.

இருபதாம் நூற்றாண்டு தோலின் இடத்தில் கடதாசிக் கூம்பை வைத்தது. ரைஸ், கெலொக் என்னும் இரு அமெரிக்கப் பொறியியலாளர் 1925இல் சுருள் அசைந்து கூம்பை இயக்கும் ஒலிபெருக்கியை விளக்கினர். பெட்டியில் துளையிட்டு அடித்தொனியைப் பெருக்கும் முறை 1930களில் வந்தது. அத்தகைய பெட்டிகளைக் கணக்கிட்டு அமைக்கும் வழியை அவுஸ்திரேலியரான நெவில் தீல் 1961இல் வகுத்தார். 1974இல் வந்த 'எர்த்குவேக்' திரைப்படத்துக்காகப் பெரும் பெட்டிகளைத் திரையரங்குகளில் வைத்து, நிலநடுக்கத்தை மக்கள் உடலால் உணரச் செய்தனர். காதுக்குரிய ஒலியை நெஞ்சுக்கூட்டுக்குள் செலுத்தும் வல்லமை இவ்வாறு விற்பனைப் பொருளாயிற்று.

இனித் தெரிவுக்கு வருவோம். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில் அதிர்கிறது. அந்த அலையின் நீளம் 8 மீற்றருக்கு மேல். ஒலியளவு குறையாமல் சுரம் ஒரு ஸ்தாயி இறங்கினால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஆகவே சிறிய பெட்டியில் பெரிய வாட் எண்ணை அச்சிட்டு விற்பவரை நம்பலாகாது. மின்வலுவை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல். வலுவோடு பெட்டியையும் இரட்டித்து அருகருகே வைத்தால் 6 டெசிபல். மேடையின் இரு ஓரங்களிலும் பிரித்து வைத்தால் சில இடங்களில் ஒலி குவியும், சில இடங்களில் வற்றும். நடுவில் சேர்த்துத் தரையில் வைத்தலே பெரும்பாலும் நன்று. கொம்புப் பெட்டி குறைந்த மின்சாரத்தில் அதிகம் முழங்கும்; ஆனால் தோட்டத்தின் குறுகிய வளைவுப் பாதைகளில் அதைச் சுமக்கும் தோள்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். போகம்பரை மைதானத்துக்குப் பொருந்துவது தகரக் கூரை வேய்ந்த தோட்ட மண்டபத்துக்குப் பொருந்தாது. அங்கே பாட்டுக்கு முன் கூரை ஆடும்.

அடித்தொனிக்கு இன்னோர் இயல்பும் உண்டு. அது சுவரையும் மூலையையும் சுற்றிக்கொண்டு செல்லும். பாட்டின் சொற்கள் தேய்ந்த பின்னரும் இடி மட்டும் அடுத்த லயத்தை எட்டும். அதிகாலையில் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்ணின் உறக்கத்தை அது கேட்காமல் பறிக்கும். ஒலிபெருக்கிகளின் இரவுநேரப் பாவனைக்கு இலங்கை உயர் நீதிமன்றம் 2007இல் கட்டுப்பாடு விதித்ததை மகிழ்ச்சிக்கு எதிரான தடையெனக் கொள்ளலாகாது. அன்று துரையின் ஆணை தப்பின் வழியே லயத்துக்குள் நுழைந்தது. இன்று நம் கொண்டாட்டமே, கேட்க விரும்பாதவரின் அறைக்குள் அதே வழியில் நுழையலாமா?

இதனினும் பெரிய இழப்பொன்று உண்டு. திருவிழாவில் இசைக்குழுவுக்கு மேடையும் தப்புக்காரருக்குத் தரையும் ஒதுக்கப்படுகின்றன; பெட்டிகள் இடித்தவுடன் தப்பு அவிந்துபோகிறது. இந்தக் குற்றம் இயந்திரத்தினுடையதன்று. குரல்களைச் சப்வூபருக்கு அனுப்பாமல் பேஸ் கிட்டாரையும் பெருமுரசையும் மட்டும் அனுப்பலாம். தப்பின் முன் ஓர் ஒலிவாங்கி வைத்து, அதன் ஆழ்ந்த அடியையும் அதே பெட்டிகளுக்குச் சேர்க்கலாம். இதற்கு வேண்டிய மேலதிகச் செலவு சொற்பம். வேண்டிய மனமாற்றமோ பெரிது.

எனவே பெட்டி வாங்கப் புறப்படும் இளைஞர்கள் எத்தனை வாட் என்று மட்டும் கேட்டு நின்றுவிட வேண்டாம். எத்தனை பேர் கேட்கப் போகிறார்கள், எங்கே கேட்கப் போகிறார்கள், எத்தனை மணிவரை என்றும் கேட்கட்டும். தப்புக்காரரை மேடைக்கு அழைத்து, அவருக்குரிய கூலியையும் மற்றக் கலைஞருக்கு இணையாகப் பேசி முடிக்கட்டும். பறையடித்தவனைக் கீழே நிறுத்திய வழக்கத்தை மாற்றும் பொறுப்பு நம் தலைமுறையினுடையது.