ஒளியின் கையெழுத்து

திருச்சிராப்பள்ளியில், திருவரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு பிறந்தவர் சர் சி. வி. இராமன். கலந்து வருவதைப் பிரித்து அறிவதே அவருடைய ஆராய்ச்சி நெறி. மிருதங்கத்தின் மேற்சுரங்கள் இசைந்து ஒலிப்பதற்கு, வலந்தலையின் நடுவே இடும் கருஞ்சாந்தே காரணம் என்று 1920-இல் விளக்கினார்.

ஒளியையும் அவ்வாறே ஆராய்ந்தார். திரவங்களில் ஒளி சிதறும்பொழுது வேறொரு மங்கிய ஒளியும் தோன்றுவதை, கல்கத்தாவில் அவரிடம் ஆய்வு செய்த கே. ஆர். இராமநாதன் 1923-இல் கண்டார். திரவத்தின் மாசோ என ஐயம் எழுந்தது. பன்முறை தூய்மை செய்தும் அவ்வொளி மறையவில்லை.

1928 பிப்ரவரி 28 அன்று, ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நிறமாலைகாட்டியின் வழியே நோக்கினர். செலுத்திய ஒளிக்கு அப்பால், ஓர் இருண்ட இடைவெளியை அடுத்துப் புதிய ஒளி தனித்து நின்றது! பின்னர்ப் பாதரச விளக்கின் ஒளியைச் செலுத்தி, நிறமாலைப் பதிகருவியின் படத்தட்டில் புதிய கோடுகளை இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் பதிவு செய்தனர். ஐயம் அகன்றது.

மூலக்கூறுகளின் அதிர்வு ஒளியின் ஆற்றலில் ஒரு பகுதியைப் பெறுவதால் நிறம் மாறுகின்றது. அதிர்வு பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஆதலின் அக்கோடுகள் பொருளின் கையெழுத்தாகும். மருந்தின் தூய்மையை இன்று அவற்றால் அறிகின்றனர்.

1930-இல் இராமனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. மாசு என்று தள்ளிவிடாமல் மங்கிய ஒளியை ஐந்தாண்டுகள் தொடர்ந்த பொறுமைக்கும் அப்பரிசில் பங்குண்டு.